"எம்.எஸ்ஸி முடிச்சாச்சு... இன்னும் படிப்பா?" சம்பளத்தோடு ஆராய்ச்சி பழகும் காலம்!

"எம்.எஸ்ஸி முடிச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?"

ஆலங்குடியோ அறந்தாங்கியோ, உயிரியல் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் கடைசி செமஸ்டர் முடிந்ததுமே வருகிற கேள்வி இது. பி.எட் சேரலாம், வங்கித் தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி கோச்சிங் போகலாம். இதெல்லாம் வீட்டுக்குப் புரியும். "பிஹெச்.டி பண்ணப்போறேன்" என்றால்தான் வீடு அமைதியாகிவிடும். "இன்னும் அஞ்சு வருஷமா?" என்பார் அப்பா. மகளாக இருந்தால், அம்மா மனதுக்குள் வயதைக் கூட்டிப் பார்ப்பார்.

அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. படிக்கவைத்த கடனே இன்னும் அடைந்திருக்காது. பிள்ளைக்கும் உள்ளூர ஒரு பயம் இருக்கும். கல்லூரி பிராக்டிகலில் செய்ததெல்லாம், முடிவு முன்பே தெரிந்த சோதனைகள். ஆராய்ச்சியில் முடிவு யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் செய்த வேலை ஒரே நாளில் வீணாகும்; மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது தனக்கு ஒத்துவருமா என்பதைச் செய்து பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

நடுவில் ஒரு படி

அமெரிக்காவில் இதற்கென்றே 'போஸ்ட்பேக்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பட்டம் முடித்தவர்கள் ஓரிரு ஆண்டுகள் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு வேலை பழகிவிட்டு, பிறகு மருத்துவ உயிரியலில் பிஹெச்.டி-க்கு விண்ணப்பிப்பார்கள்.

நம்மிடம் அந்தப் பெயர் இல்லை. ஆனால், படி இருக்கிறது. ஒரு பேராசிரியருக்கு ஐ.சி.எம்.ஆர் அல்லது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஓர் ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, வேலை செய்யும் ஆளுக்கான சம்பளமும் பெரும்பாலும் அதில் சேர்ந்தே வரும். அந்த இடத்துக்கு 'பிராஜெக்ட் அசோசியேட்', 'பிராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்' என்று பெயர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். பல இடங்களில் நேர்காணல் மட்டும்தான்.

இன்னொரு வழி, சி.எஸ்.ஐ.ஆர் - யு.ஜி.சி நெட் தேர்வு. இதில் ஜே.ஆர்.எஃப் தகுதி பெற்று பிஹெச்.டி-யில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 31,000 ஆக இருந்தது 2023 ஜனவரி முதல் இப்படி உயர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து சீனியர் ஆனால் 42,000 ரூபாய். இதுபோக வீட்டு வாடகைப்படியும் உண்டு.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் புரிந்துகொள்வது நல்லது. தேர்வு எழுதி வாங்கிய ஜே.ஆர்.எஃப் உங்களுடையது, உங்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுபோகலாம். திட்டத்தில் கிடைக்கும் வேலை, திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். பணம் மாதாமாதம் வராமல், சில மாதங்கள் சேர்ந்து வருவதும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

முத்துலட்சுமி நடந்த வழி

புதுக்கோட்டைக்கு இப்படிப்பட்ட கேள்விகள் புதிதல்ல. 1886-ல் இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி, பெண்களே இல்லாத மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றபோது அவர் வயது 25-ஐத் தாண்டியிருந்தது. அதோடு நிற்கவில்லை. எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பயிற்சி. 1925-ல் மேற்பயிற்சிக்காக லண்டன் பயணம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது.

'எப்போ படிப்பை முடிப்பே?' என்ற கேள்விக்கு அந்த மருத்துவமனையைவிடப் பெரிய பதில் வேண்டுமா?

சேரும் முன் என்ன கேட்கலாம்?

சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலூர் சி.எம்.சி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம், புதுச்சேரியில் கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையம் என்று நம்மால் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்திலேயே ஆய்வகங்கள் இருக்கின்றன. சென்னைக் காசநோய் மையம் 1956-ல் தொடங்கப்பட்டது. நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது.

நேர்காணலுக்குப் போகும்போது தயங்காமல் கேளுங்கள். திட்டத்துக்கு இன்னும் எத்தனை மாதம் பாக்கி? வேலையை யார் கற்றுத்தருவார்கள்? கட்டுரை வெளிவந்தால் என் பெயர் வருமா? பிஹெச்.டி-க்கு இங்கேயே பதிவு செய்ய முடியுமா? முன்பு அங்கே வேலை பார்த்தவர்களிடம் தனியாகப் பேசிப்பாருங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு வருடம் பிப்பெட் பிடித்து, செல் வளர்த்து, தினமும் நோட்டில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். 'இதுதான் என் வேலை' என்று தெரிந்தால், ஐந்து வருடம் பாரமாக இருக்காது. கையில் அனுபவமும், வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதமும் இருக்கும். 'இது எனக்கு வேண்டாம்' என்று தெரிந்தாலும் நஷ்டமில்லை. நோய் பரிசோதனைக்கூடம், மருந்து நிறுவனம் என்று வேறு கதவுகளைத் தட்ட அந்த அனுபவம் உதவும். பிஹெச்.டி-யில் சேர்ந்து மூன்றாவது வருடம் மனமொடிந்து வெளியே வருவதைவிட, முதல் வருடத்திலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கண்டுபிடிப்பது நல்லதுதானே?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "அஞ்சு வருஷம் விடுங்க" என்று பிள்ளை கேட்டால் பயம் வருவது இயல்பு. "ஒரு வருஷம் பார்க்கிறேன், என் செலவை நானே பார்த்துக்கிறேன்" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து பதில் சொல்லுங்கள்!