எல்.ஐ.சி. உச்சியில் ஃபோகஸ்

டிஜிட்டல் வந்தபோது படுத்துப்போன தொழிலை மிர்ரர்லெஸ் கேமரா எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. திருவல்லிக்கேணியில் எல்லிஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது கடை. அங்கே இப்போது வருகிற லென்ஸ்களில் பாதிக்கு மேல், கொண்டுவருகிறவரைவிட வயதில் மூத்தவை. கடைக்காரர் எல்லோருக்கும் ‘பாய்’. ஃபிலிம் காலத்தில் கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் கேமராக்களைக் கழற்றி மாட்டியே குடும்பம் நடத்தியவர். ஃபிலிம் போனதும் ஃபிளாஷ், சார்ஜர் என்று சில வருஷம் ஒப்பேற்றியிருக்கிறார். “இப்ப பாருங்க சார், தாத்தா லென்ஸைத் தூக்கிக்கிட்டுப் பேரன் வர்றான்.”

எல்லாம் மில்லிமீட்டர்க் கணக்கு. லென்ஸ் உட்காரும் மவுண்ட்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி வைத்துக்கொண்டார்கள். நிக்கான் எஃப் மவுண்ட்டுக்கு 46.5 மி.மீ. பழைய பென்டாக்ஸிலும் ஜெனிட்டிலும் வந்த எம்42 திருகு மவுண்ட்டுக்கு 45.46. கேனன் எஃப்.டி.க்கு 42, பின்னால் வந்த இ.எஃப்.புக்கு 44. தான் பிறந்த கணக்கைவிட லென்ஸ் தள்ளி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பது தெளியும், தூரத்தில் இருப்பது தெளியவே தெளியாது. கேனனின் எஃப்.டி. லென்ஸைக் கேனனின் டி.எஸ்.எல்.ஆரிலேயே நேராக மாட்ட முடியாமல் போனது இதனால்தான். நடுவே ஒரு கண்ணாடி பதித்த அடாப்டர் வேண்டும். அது படத்தின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும்.

டி.எஸ்.எல்.ஆருக்குள் எழும்பி விழும் முகம் பார்க்கும் கண்ணாடி மிர்ரர்லெஸ்ஸில் கிடையாது. அதற்கு விட்டிருந்த இடமும் மிச்சம். சோனி இ மவுண்ட்டுக்கு 18 மி.மீ., நிக்கான் இசட்டுக்கு 16, கேனன் ஆர்.எஃப்.புக்கு 20. மீதித் தூரத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். எம்42 லென்ஸுக்கும் சோனி பாடிக்கும் நடுவே 27.46 மி.மீ. நீளத்தில் ஓர் அலுமினியக் குழாய், உள்ளே வெறும் காற்று. உலகத்தின் பழைய லென்ஸ்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இந்தக் காற்றுதான் மறுவாழ்வு கொடுத்திருக்கிறது.

நான் போயிருந்தபோது மேசையில் இருந்தது ஹீலியாஸ் 44-2. 58 மி.மீ., எஃப்/2. ஜெய்ஸ் கம்பெனி 1930களில் கொண்டுவந்த பயோட்டாரைப் பார்த்து, போருக்குப் பிறகு சோவியத்காரர்கள் லட்சக்கணக்கில் செய்து ஜெனிட்டோடு கொடுத்த லென்ஸின் வழிவந்தது. கும்பகோணத்தில் தாத்தா நடத்திய ஸ்டுடியோவின் பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்தார் ஓர் இளைஞர். கல்யாணங்களில் கேண்டிட் எடுக்கிறவர். ஃபோகஸ் வளையம் அசைய மறுத்தது. பாய் செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துக் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நூல் நூலாக ஃபங்கஸ் படர்ந்திருந்தது.

முன்னாலுள்ள பெயர் வளையத்தை ஒரு ரப்பர் கட்டையால் அழுத்தித் திருகி எடுத்தார். அடியில் இரண்டு வெட்டு உள்ள இன்னொரு வளையம். இரட்டை முனை ஸ்பேனரை அந்த வெட்டுகளில் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று. முனை வழுகினால் கண்ணாடியில் கோடு விழும். அதனால் அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கண்ணாடிகளை எடுத்தபிறகுதான் உண்மையான வேலை. ஃபோகஸுக்காக ஒன்றுக்குள் ஒன்று சுழலும் மரைக் குழாய்களை ஹெலிகாய்டு என்கிறார்கள். சாதாரணத் திருகாணிபோல இதற்கு ஒரே தொடக்கம் இல்லை, பல வாய்கள் உண்டு. இரண்டும் பிரிகிற அந்தக் கணத்தில் நிறுத்தி, இரு பக்கமும் ஊசியால் ஒரு கீறல் போட்டார். எந்த வாயில் பிரிந்ததோ அதே வாயில்தான் திரும்ப ஏற்ற வேண்டும். ஒன்று தள்ளி ஏறினாலும் வளையம் வழவழவென்றுதான் சுற்றும். மாட்டிப் பார்த்தால் ஃபோகஸ் தூரத்துக்குப் போகாது, அல்லது பாதியிலேயே முட்டும். யூடியூப் பார்த்து வீட்டில் கழற்றிவிட்டு, உதிரிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறவர்களின் லென்ஸ்களில் இந்தக் கீறல் இருப்பதே இல்லையாம்.

பழைய கிரீஸ் பிசினாக இறுகிக் கிடந்தது. ஒயிட் பெட்ரோலும் பல் துலக்கும் பிரஷ்ஷும் அதைக் கரைத்தன. புதுக் கிரீஸைத் தீக்குச்சி முனையில் தொட்டு மரைமேல் இழுத்தார். அவ்வளவுதானா என்று தோன்றும். கூடினால் சென்னை வெயிலில் இளகி அப்பர்ச்சர் பிளேடுகளுக்கு இறங்கிவிடும், பிறகு பிளேடுகள் ஒட்டிக்கொள்ளும். ஃபங்கஸுக்கு அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த நீர். பூஞ்சை போய்விடும். அது கோட்டிங்கை அரித்திருந்தால் தழும்பு மட்டும் நிற்கும், அதை எந்த நீரும் எடுக்காது. பாலிஷ் போட்டால் மிச்சக் கோட்டிங்கும் சேர்ந்து போய்விடும் என்று பாய் அதைச் செய்வதில்லை.

பூட்டி முடித்ததும் மொட்டைமாடிக்கு ஏறினோம். இளைஞரின் சோனி பாடியில் லென்ஸை மாட்டி, அண்ணா சாலைப் பக்கம் தெரியும் எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் பாயின் இன்ஃபினிட்டி சோதனை. (எல்.ஐ.சி. திறந்ததும் நிக்கான் எஃப் வந்ததும் ஒரே வருஷம், 1959. பாயிடம் சொன்னேன், அவர் அசரவில்லை.) உச்சி தெளிந்தது. ஆனால் வளையத்தில் இன்ஃபினிட்டிக் குறி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தெளிந்துவிட்டது. லென்ஸில் குறையில்லை, அடாப்டரின் வேலை. விலை குறைந்த அடாப்டர்களை வேண்டுமென்றே ஒரு மயிரிழை குட்டையாகக் கடைகிறார்கள். நீளமாகிவிட்டால் தூரம் எட்டவில்லை என்று புகார் வரும், குட்டையானால் யாரும் கேட்க மாட்டார்கள். பாய் கேட்கிறார். மெல்லிய பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி, ஷிம்மாக உள்ளே வைத்துச் சரிசெய்கிறார்.

இளைஞருக்கோ வேறு கவலை. “பாய், ஃப்ளேர் போயிடாதுல்ல? பின்னாடி சுத்துற மாதிரி வரும்ல, அதுவும் வேணும்.”

பாய் சிரித்தார். “எங்க காலத்துல இது ரெண்டும் வந்தா லென்ஸ் சரியில்லைன்னு திட்டுவாங்க தம்பி.”

இந்த இடத்தில் நான் பாதி பாயின் கட்சி. ஹீலியாஸில் பின்னணி இலைகள் சுழல்வதுபோலத் தெரிவது அதன் பிறவிக் குணம். திருத்தப்படாத பிறழ்ச்சியும், ஓரத்து ஒளியைக் குழாயின் விளிம்பு நறுக்குவதும் சேர்ந்து செய்கிற வேலை. எவ்வளவு துடைத்தாலும் போகாது. பழைய கோட்டிங் கொடுக்கும் ஃப்ளேரும் அப்படியே. ஆனால் கண்ணாடிமேல் படிந்த எண்ணெய்ப் புகையையும் பூஞ்சையையும் ‘விண்டேஜ் கேரக்டர்’ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் அழுக்கைத்தான் விற்கிறார்கள். பாய் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “தூசி வேற, கேரக்டர் வேற.”

பாடிக்கு இந்த லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கட்டும் என்று மெனுவில் அனுமதி கொடுக்க வேண்டும். கை நடுக்கத்தைச் சென்சார் சரிசெய்வதற்கு 58 மி.மீ. என்று நாமே எழுதித் தர வேண்டும். மற்றபடி, தெளிந்த விளிம்புகளுக்கு வண்ணம் பூசிக் காட்டும் பீக்கிங் வசதியால், கையால் ஃபோகஸ் செய்வது டி.எஸ்.எல்.ஆர். காலத்தைவிடச் சுலபம்.

மாடியின் ஒரு மூலையில் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 ஒன்று வடகம்போல வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்பகுதிக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. ஒளியை நன்றாக வளைப்பதற்காகச் சேர்த்தது, வருஷங்கள் போகப்போகக் கண்ணாடியைத் தேநீர் நிறமாக்கிவிடும். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சள் இறங்கும். அடியில் அலுமினியத் தாள் விரித்திருந்தது. அது இல்லாமல் வெயிலில் விட்டால் லென்ஸ் தன் வேலையைச் செய்து கீழே கிடப்பதைப் பற்றவைத்துவிடும்.

மவுண்ட்டே இல்லாத லென்ஸ் வந்தால் பாய் புதுப்பேட்டைக்கு அனுப்புகிறார். அங்கே ஆட்டோ உதிரிகள் கடையும் ஒரு லேத் பட்டறை. தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது காயலான் கடைக்கு வந்த புரொஜெக்டர் லென்ஸ்கள் இப்போது கேமராவுக்கு வருகின்றன. அவற்றில் அப்பர்ச்சரும் இல்லை, ஃபோகஸ் வளையமும் இல்லை. கனமான ஒரு குழாய், அவ்வளவுதான். தனியாக வாங்கிய ஹெலிகாய்டுக்குள் அந்தக் குழாய் நிற்கும்படி ஒரு ஸ்லீவ் கடைய வேண்டும். லேத்காரர் வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்துகொண்டு மெஷினைப் போட்டார். அலுமினியம் சுருள் சுருளாக விழுந்தது. கடைசியில் அளவுகோலை ஒதுக்கிவிட்டு, லென்ஸையே நுழைத்து நுழைத்துப் பார்த்துக் கடைந்தார். எந்த கேமரா, என்ன படம் என்று அவர் கேட்கவில்லை. “லூஸ் இருக்கக் கூடாது, அவ்ளோதானே?”

பாய் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவது எதை என்று கேட்டேன். 1960களின் லென்ஸ் என்று எதிர்பார்த்தேன். 90களிலும் அதற்குப் பிறகும் வந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களாம். உள்ளே மோட்டார் செத்தாலோ ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்தாலோ உதிரி கிடைப்பதில்லை. அதே மாடலில் உடைந்த இன்னொன்று கிடைத்தால்தான் உண்டு. இப்போது வரும் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் வளையமே வெறும் சுவிட்ச். கரண்ட் இல்லாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் உள்ளே ஒன்றும் நகராது. அடுத்த தலைமுறை பாடிக்கு அடாப்டர் வரும்போது இவற்றில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பாயின் அக்கா மகன் பக்கத்து மேசையில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். சென்சார் சுத்தம் செய்வது, ஷட்டர் மாற்றுவது, போர்டு வேலை எல்லாம் அவருடையது. ஹெலிகாய்டு தெரியுமா என்றேன். “தெரியும்ணே. மாமா சொல்லிக் குடுத்துட்டார். ஆனா ஒண்ணு பிரிச்சா அன்னைக்கு முழுசும் அதோட போயிடும். அந்த நேரத்துல அஞ்சு சென்சார் துடைச்சிடலாம்.” பாய் மறுக்கவில்லை. கூலியை ஏற்றச் சொல்லிப் பார்த்தாராம் மருமகன். ஸ்டுடியோக்காரங்க கொடுத்த கூலியிலிருந்து ரொம்ப ஏற்ற மனசு வரவில்லை என்கிறார் பாய். கும்பகோணத்து இளைஞர் கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் ஜிபேயில் அனுப்பிவிட்டு, தாத்தாவின் பீரோவில் இன்னும் இரண்டு லென்ஸ் இருக்கிறது, கொண்டுவரலாமா என்று கேட்டார். ஃபங்கஸ் முற்றுவதற்குள் கொண்டுவரச் சொன்னார் பாய்.