கத்தியை ஆட்டிப் பார்த்தீங்களா?

நான் ஓர் அட்டைக் கத்தி வீரன் என்பது என் மனைவிக்குக் கல்யாணமான மறுநாளே தெரிந்துவிட்டது. ஊருக்குத் தெரியத்தான் முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

எங்கள் ஊர் வேலூர். 1806 ஜூலை 10-ம் தேதி விடிவதற்குள் கோட்டையில் சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்களே, அதே வேலூர். நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலையில் புதுத் தொப்பி வேண்டும் என்று கம்பெனி அதிகாரிகள் போட்ட உத்தரவு மூட்டிய தீ அது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பறந்து வந்து அதை ரத்தத்தில் அணைத்தவர் கில்லெஸ்பி.

போன வருஷம் எங்கள் பேட்டை நாடகக் குழு இதை மேடையேற்றியது. நான் சிப்பாய் வேஷம் கேட்டேன்.

"உங்க தொப்பைக்குச் சிப்பாய் டிரஸ் எங்க சார் கிடைக்கும்? கொஞ்சம் வெளுப்பா வேற இருக்கீங்க. கில்லெஸ்பியா வந்துடுங்க" என்றார் டைரக்டர்.

ஊரே கூச்சல் போடப்போகிற வில்லன் வேஷம்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "நிஜ இரும்புக் கத்தி சார்" என்றார். விழுந்துவிட்டேன்.

முதல் காட்சியே ஆற்காட்டு அணிவகுப்பு. நானும் ஆறு பையன்களும் கத்தியால் சல்யூட் அடிக்க வேண்டும். கற்றுக்கொடுக்க வந்தவர், ராணுவத்தில் டிரில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ரிடையரான சுபேதார் சார். வந்ததும் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு கிழித்தார்.

"கத்தி வெளியில இருக்கற வரைக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வேற யாரும் வரக்கூடாது. டைரக்டர் ஆனாலும் சரி, டீக்காரர் ஆனாலும் சரி."

அப்புறம் வரிசையாகச் சட்டங்கள். கையையும் கத்தியையும் நீட்டிச் சுற்றிப் பார், அதற்கும் ரெண்டடி தள்ளித்தான் அடுத்த ஆள். உறையின் வாய்க்குள் விரலை விடாதே. கத்தியைக் கொடுக்கும்போது பிடிப் பக்கம் கொடு. நழுவினால் பாய்ந்து பிடிக்காதே, விழட்டும், நீ காலை நகர்த்து. எல்லாவற்றுக்கும் முதலில், கையில் எடுத்ததும் ஆட்டிப் பார்; கடகடவென்றால் ஓரமாக வை.

"மழுங்கின கத்திக்கு இத்தனை சட்டமா சார்?" என்றேன்.

"மண்டையில விழுந்தா, இது நாடகம்னு மண்டைக்குத் தெரியாது சார்!"

சல்யூட் பார்க்க அழகு. கத்தியைச் செங்குத்தாகத் தூக்கி, பிடி வாய்க்கு நேராக வர ஒரு நிறுத்தம். பிறகு சர்ரென்று வலப்பக்கம் தாழ்த்த வேண்டும். முனை தரையைப் பார்க்கணும், தொடக் கூடாது. வீட்டில் ஒட்டடைக் குச்சியை வைத்துப் பழகினேன். முதல் நாளே ஃபேன் றெக்கை வளைந்தது. "கில்லெஸ்பி துரை, காஸ் சிலிண்டர் வந்திருக்கு, தூக்கி வைங்க" என்பாள் மனைவி.

வேஷத்துக்காகக் கொஞ்சம் படித்தேன். லெ மார்ச்சண்ட் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. 1793-ல் ஃப்ளாண்டர்ஸ் போர்முனைக்குப் போனவர், தம் குதிரை வீரர்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். கத்தி வீசத் தெரியாமல் தங்களையும் தங்கள் குதிரைகளையுமே வெட்டிக்கொண்டிருந்தார்கள்! ஊர் திரும்பி அவர் எழுதிய கத்திப் பயிற்சி விதிகளை 1796-ல் ராணுவமே ஏற்றுக்கொண்டது. ஆக, டிரில் என்பது பந்தாவுக்காக மட்டும் வந்ததில்லை. சொந்தக் குதிரையைக் காப்பாற்றவும் வந்தது.

படித்தேனே தவிர, புத்தியில் ஏறவில்லை.

கடைசி ஒத்திகைக்கு என் ஆறு வயசுப் பேரன் வந்திருந்தான். தாத்தா தொப்பியும் கோட்டுமாக நிற்பதைப் பார்த்து வாயைப் பிளந்தான். அந்த ஜோரில் கத்தியை உருவினேன். ஆட்டிப் பார்க்கவில்லை. வாய்க்கு நேராகத் தூக்கினேன். சர்ரென்று தாழ்த்தினேன்.

கையில் பிடி மட்டும் இருந்தது.

கத்தி பறந்துபோய்த் தரையில் மோதி, தீப்பொறியோடு சறுக்கி, சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் என் பேரன். கை தட்டினான். அதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டான்.

ஹாலில் மூச்சு சத்தம் இல்லை. சுபேதார் சார் கேட்டது ஒன்றே ஒன்று: "கத்தியை ஆட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே" என்றேன்.

ஐம்பத்தெட்டு வயசில் அப்படி ஒரு பொய். பழி யார் தலையில் விழும்? தினமும் பிடியில் நட்டு முடுக்குகிற எலெக்ட்ரிக் கடைத் தம்பி தலையில். டைரக்டர் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "நாளையிலேர்ந்து நீ வராதே" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி பேரன் என் பக்கத்தில் படுத்துத் தூங்கினான். எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த ஒரு ஜாண்தான் தெரிந்தது.

விடிந்ததும் சுபேதார் சார் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நட்டு தேயும் சார், அது அதோட குணம். அதுக்காகத்தான் மனுஷனை ஆட்டிப் பார்க்கச் சொல்றோம். என்கிட்ட சொன்னது போதாது. அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க" என்றார்.

கடை திறக்கும் வரை காத்திருந்து சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். "அப்படியா சார்?" என்று பெருமூச்சு விட்டான். "நான்தான் சரியா முடுக்காம விட்டுட்டேனோன்னு ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தேன் சார். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

டைரக்டரிடமும் சொல்லி அவனைத் திரும்ப அழைத்து வந்தேன். நாடகத்தன்று புது நட்டு, அதன் மேல் இன்னொரு நட்டு. இருந்தும், மேடையில் கத்தியை உருவியவுடன் காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினேன். "துரைக்குக் கத்தி மேலயே சந்தேகம்டா!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். சைடில் நின்ற சுபேதார் சார், அவர் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு அந்தத் தம்பி.