பத்து நாள் தண்ணீர்

திருமுக்கூடலில் எங்கள் காலனியைச் சேர்ந்த தம்பி ஒருவன் பொறியியல் படிக்கிறான். கல்லூரி புராஜெக்டுக்கு உமிச்சாம்பல் கான்கிரீட் செய்கிறான். நூறு கிலோ சிமெண்ட் போடும் இடத்தில் தொண்ணூறு போட்டு, மீதிக்கு நெல் உமியை எரித்த சாம்பல். மக்களிடம் பேச என்னையும் கூப்பிட்டான். அவன் சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு ஆயா கேட்டார்: “ஏண்டா கண்ணு, ஏற்கெனவே மண்ண கலந்து கட்டிக் குடுத்தானுங்க. இப்ப சாம்பலா?”

ஆயா இருப்பது தொகுப்பு வீடு. கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் சாம்பல் அள்ளியவர். இரவெல்லாம் இருமுவார். அந்த வேலைக்கு எங்கள் தெருப் பெண்களைத் தவிர வேறு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் தம்பி சொல்வதும் சரிதான். நூறு கிலோ நெல்லில் சுமார் இருபது கிலோ உமி. அதை எரித்தால் நாலு கிலோ சாம்பல். அதில் பெரும்பங்கு சிலிக்கா. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்பை இந்த சிலிக்கா பிடித்துக்கொண்டு பசையாக மாறும், நுண்துளைகளை அடைக்கும். நீர் இறங்குவது குறைந்தால் கம்பி துருப்பிடிப்பதும் தள்ளிப்போகும். 1970களிலேயே கலிபோர்னியாவில் பி.கே.மேத்தா இதை ஆராய்ந்தார். நம் நாட்டின் ஐ.எஸ். 456:2000 விதியும் உமிச்சாம்பலை அனுமதிக்கிறது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது என்பதால் இதில் எல்லோருக்கும் அக்கறை உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். மில் பாய்லரில் கண்டபடி எரிந்த கறுப்புச் சாம்பலை அப்படியே கொட்டினால் வேலைக்கு ஆகாது. சுமார் 700 டிகிரிக்கு மேல் போகாமல் எரிக்க வேண்டும், மாவாக அரைக்க வேண்டும். அரைக்காத சாம்பலைக் கலந்துவிட்டு “புதிய தொழில்நுட்பம்” என்று ஒரு காண்டிராக்டர் சொன்னால் அதற்குப் பெயர் திருட்டு. அந்த வித்தியாசத்தைத் தளத்தில் நின்று கேட்கத் தெரிந்தவர்கள் காலனியில் இருக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகளே, அது உங்கள் வேலை. கியூப் டெஸ்ட் முடிவை எழுத்தில் கேளுங்கள். முதல் கட்டிடம் ஊராட்சி அலுவலகமாக இருக்கட்டும், அப்புறம் எங்கள் வீடு. சாம்பல் காசாகும் நாளில் அதை அள்ளும் பெண்ணுக்கு முகக்கவசமும் கூலி உயர்வும் எங்கே என்றும் கேளுங்கள்.

இன்னொன்றும் அதே விதியில் இருக்கிறது. சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் நீராற்றினால் போதும். இப்படிச் சாம்பல் சேர்த்தால் குறைந்தது பத்து நாள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் ஊர் இது. காலனிக் குழாயில் காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர்.

தம்பி இதைச் சொன்னதும் ஆயா சிரித்துவிட்டார். “அந்தப் பத்து நாளு தண்ணிய யாருடா ஊத்துவா?”

அவன் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டான்.