பதில் எழுதும் பொத்தான்



ஆயரின் மேசைக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்நாள்களில் மின்னஞ்சலாகவே வந்து சேருகின்றன. நெய்வேலிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு பார்க்கிறவர்கள் நள்ளிரவிலும் எழுதுகிறார்கள், விடியுமுன்னும் எழுதுகிறார்கள். பணி ஓய்வுபெற்று, நகரியக் குடியிருப்பைக் காலிசெய்து வடலூரில் வீடு கட்டியவர்கள் சபை மாற்றுக் கடிதம் கேட்கிறார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண அறிவிப்பு, கல்லறைத் தோட்ட விவகாரம், கடைகளின் விளம்பரம் என்று வரும் இவற்றின் நடுவே எங்கோ ஒரு ஜெபக்குறிப்பும் இருக்கும்.

நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட் என்னும் செயலி. அதன் மேலேயுள்ள கருவிப்பட்டையை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறியார். பட்டையின் மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் 'கஸ்டமைஸ்' என்னும் சொல் தோன்றும். அதைத் திறந்து, வேண்டிய பொத்தான்களை இழுத்து வைக்கலாம், வேண்டாதவற்றை நீக்கிவிடலாம். ஐந்து நிமிட வேலைதான். என் பட்டையில் ரிப்ளை, ஃபார்வர்டு, ஆர்க்கைவ் ஆகிய மூன்றே உள்ளன. 'ரிப்ளை ஆல்' பொத்தானை வேண்டுமென்றே அங்கே வைக்கவில்லை. ஒரு வீட்டின் துயரத்துக்கு எழுதும் ஆறுதல், சபைக்குழுவினர் அனைவருக்கும் போய்விட ஓர் அவசரச் சொடுக்கு போதுமே! முடிந்துபோன கடிதத்தை ஒதுக்கப் பொத்தானும் தேவையில்லை. ஆங்கில 'ஏ' எழுத்தைத் தட்டினால் அது ஆர்க்கைவுக்குப் போய்விடும்.

அடிக்கடி வேண்டுவதை விரலருகே வைப்பது தமிழுக்குப் புதிதன்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வகுக்கப்பட்டுள்ளன. விரல்கள் தங்கும் நடுவரிசையில் இடப்புறம் அ, இ, உ. வலப்புறம் க, ப, ம, த. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். புள்ளியை அதுவே இட்டுக்கொள்ளும். எவ்வளவு அழகான சிக்கனம்!

அதே சிக்கனத்தை எண்ணித்தான் சான்றிதழ் கேட்போருக்கான பதிலை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்திருக்கிறேன். கொண்டுவரவேண்டிய ஆவணங்களும் அலுவலக நேரமும் அதில் உள்ளன. பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஜெபக்குறிப்புகளுக்கும் அவ்வாறே ஒன்று செய்துகொள்ளும்படி நண்பரான ஓர் ஆயர் அறிவுறுத்தினார். அவருடைய சபை மிகப் பெரியது. அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆயினும் நான் அதைச் செய்யவில்லை.

சென்ற மாதம் ஓர் இரவில் மூன்று வரிக் கடிதம் ஒன்று வந்தது. 'ஐயா, நாளைக் காலை மனைவிக்குப் புதுச்சேரியில் அறுவை சிகிச்சை. ஜெபித்துக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் இருக்கிறார்கள்.' முதல் இரண்டு வரிகளுக்கு எந்த டெம்ப்ளேட்டும் பதில் சொல்லிவிடும். மூன்றாம் வரியை இரண்டாம் முறை வாசித்தபோதுதான், எண்பது வயதைக் கடந்த அந்தத் தாயார் வடலூர் வீட்டில் தனியே இருக்கிறார் என்பது விளங்கிற்று. 'அம்மாவுடன் யார் இருக்கிறார்கள்?' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். ஒருவருமில்லை என்று உடனே மறுமொழி வந்தது.

அன்றிரவே பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் இருவர் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்கள்.