இரண்டு ஃபேன் கெபாசிட்டர்

மாமல்லபுரத்தில் மகள் நடத்தும் பரதநாட்டிய வகுப்பில், போன விஜயதசமிக்குப் புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் பதினோரு பேர். அப்பா தன் கையால் செய்து, செங்கல்பட்டிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்த ஸ்பீக்கர் பெட்டிகளில் பாட்டு ஓடியது.

"ஏங்க, தாளச் சத்தம் மட்டும் தனியா வந்து காதைக் குத்துது. பாடற அம்மா எங்க போனாங்க?" என்று கிசுகிசுத்தார் மனைவி.

பாட்டு கேட்கவில்லையே என்று மகள் சத்தத்தைக் கூட்ட, மூன்றாவது பாட்டில் ஒரு ட்வீட்டர் கருகிவிட்டது. மிச்ச வகுப்பைத் தட்டுக்கழியைத் தட்டி, தானே பாடி முடித்தாள் மகள். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பெட்டிகளுக்குப் போன 15,000 ரூபாய் மனைவியின் சீட்டுப் பணம்.

அந்தக் கணக்கை அவர் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஊஃபர், மிட்ரேஞ்ச், ட்வீட்டர் ஆகியவை ஜோடி ஜோடியாக 12,000. பிளைவுட், பசை, ஆணி 2,500. கடைசி வரி: கிராஸ்ஓவர் போர்டு இரண்டு, 500.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சத்தத்தைப் பிரித்து, மிருதங்கத்தின் தொப்பிச் சத்தத்தை ஊஃபருக்கும், தாளத்தின் கிணுகிணுப்பை ட்வீட்டருக்கும் அனுப்பி வைப்பது கிராஸ்ஓவர். ஸ்டேஷனில் வண்டியைச் சரியான தண்டவாளத்துக்குத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ் மாதிரி. முப்பது வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவர், ரயில் பெட்டிகளுக்கே எல்லாக் காசையும் கொடுத்துவிட்டு பாயிண்ட்ஸை மறந்ததுதான் வேடிக்கை.

ரெடிமேட் போர்டு எந்த ஸ்பீக்கரையும் மனதில் வைத்துச் செய்ததில்லை. 8 ஓம் என்று எழுதியிருந்தால் எப்போதும் 8 ஓம்தான் என்று அது நம்பிக்கொள்ளும். ஸ்பீக்கரோ சுருதிக்குச் சுருதி மாறிக்கொண்டே இருக்கும்.

கருகிய ட்வீட்டரை மாற்றப் பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கடற்கரைக் காற்றில் சில வாரம் இருந்ததற்கே இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. காயிலின் இரும்பு நடுத்தண்டில் துரு.

இந்தத் தடவை மனைவியிடம் பணம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பென்ஷனில் மிச்சம் பிடித்தது 4,000 ரூபாய். ஸ்பீக்கருக்குப் பாதி, கிராஸ்ஓவருக்குப் பாதியா? மூன்றில் ஒரு பங்கா? ஆளாளுக்கு ஒரு விகிதம் சொன்னார்கள். சமையலில் புளி, உப்புக்கு விகிதம் சொல்கிற மாதிரி. என்ன குழம்பு என்று தெரியாமல் அளவு சொல்லி என்ன பயன்?

டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கெபாசிட்டரின் அளவுக்கு ஒரு சுலப வழி உண்டு: 1,59,000-ஐ, ஓமையும் பிரிக்கும் ஹெர்ட்ஸையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 8 ஓம், 3,000 ஹெர்ட்ஸ் என்றால் 6.6 மைக்ரோஃபாரட். மிட்ரேஞ்சும் ஊஃபரும் பிரிகிற 500 ஹெர்ட்ஸில் அதே கணக்கு 40-ஐத் தொடுகிறது. நல்ல ஃபிலிம் கெபாசிட்டரில் 40 மைக்ரோஃபாரட் வாங்கினால் விலையும் ஏறும், அளவும் பெருக்கும். காயிலுக்குச் செம்பும் ஆறு மடங்கு மதிப்புக்குச் சுற்ற வேண்டும். அவர் பணத்தைத் தின்றது மிட்ரேஞ்சின் விலை மட்டுமில்லை. அது உள்ளே வந்ததால் கூடவே வந்த பாகங்களின் விலையும்தான். அதை 500 ரூபாய் போர்டு எப்படிச் சமாளிக்கும்? சின்ன எலக்ட்ரோலிட்டிக், மெல்லிய கம்பி என்றுதான் சமாளித்திருந்தது.

மிட்ரேஞ்சைக் கழற்றினார். ஓட்டையைப் பிளைவுட் வட்டம் வெட்டி அடைத்தார். ஆறரை இன்ச் காகிதக் கோன் ஊஃபர் சாது. 3,000 ஹெர்ட்ஸ் வரை முரண்டு பிடிக்காமல் பாடும். உலோகக் கோன் போட்ட விலையுயர்ந்த ஊஃபர்களில் பல, மேலே போகப் போகக் கிணுங்கும். அதை அடக்கவே தனியாகப் பாகங்கள் வேண்டும். சாதுவான ஸ்பீக்கர் வாங்குவதே பாதி கிராஸ்ஓவர் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

பட்டு டோம் ட்வீட்டர் ஒரு ஜோடி, 2,200. ட்வீட்டரோடு தொடராக நிற்கும் கெபாசிட்டரில் கஞ்சத்தனம் கூடாது. அதற்கு அவர் போன இடம் எலெக்ட்ரிகல் கடை. சீலிங் ஃபேன் கெபாசிட்டருக்குள் இருப்பதும் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம்தான். 4 ஒன்று, 2.5 ஒன்று, பக்கவாட்டில் இணைத்தால் 6.5. கணக்குக்கு வெகு அருகில்! இரண்டு பெட்டிக்கும் நான்கு, மொத்தம் 260 ரூபாய். பழைய ஃபேனில் கழற்றியது ஆகாது. அதில் மதிப்பு குறைந்திருக்கும்.

காயிலுக்கு, தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் எடை போட்டு எனாமல் செம்புக் கம்பி வாங்கினார். ஊஃபருக்குப் போகும் கரண்ட் முழுக்க இதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் தடித்த கம்பி. இரும்பு வேண்டாம், பிவிசி குழாய்த் துண்டு போதும். சுமார் 120 சுற்று. மனைவி உருளையைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். எண்பதாவது சுற்றில் பால் பொங்கியது.

"எழுபத்தெட்டா, எண்பத்தெட்டா?"

"நீங்கதான் எண்ணணும். நான் பிடிக்கிறேன்னுதான் சொன்னேன்."

பிரித்து மறுபடி சுற்றினார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் மீட்டர் இரவல் வாங்கி, நாலு சுற்றுக் குறைத்துச் சரிசெய்தார். அதே கடையிலிருந்து கொஞ்சம் வார்னிஷ் வாங்கி, காயிலுக்கும் பற்றவைத்த இடங்களுக்கும் பூசினார், கடல்காற்றுக்காக. ட்வீட்டரின் சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கச் சில ரெசிஸ்டர்கள். எல்லாம் முடிந்து கையில் 400 ரூபாய் மிச்சம்.

திருக்கழுக்குன்றம் வழியாக இருவரும் பஸ்ஸில் போனார்கள், மடியில் ஆளுக்கொரு காயில். மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து பிடிக்க, அவர் இணைப்புக் கொடுத்தார். தெருக்கோடிச் சிற்பக்கூடத்தின் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மகள் பாட்டைப் போட்டாள். தாளம் தாளமாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த பாடகி முன்னால் வந்து உட்கார்ந்து பாடினார்.

மனைவி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் மகளிடம், "இன்னொரு தடவை போடு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. செங்கல்பட்டு நெருங்கியபோது கேட்டார்: "அந்த கெபாசிட்டர் ஃபேனுக்குப் போடறதுதானே?"

"ஆமா."

"நம்ம ஹால் ஃபேன் ஆறு மாசமா மாவாட்டற மாதிரி சுத்துதே. அதுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?"