காற்று யாருக்குச் சொந்தம்?

1752 சனவரி 14-இல் மறைசாட்சி தேவசகாயம் உயிர்நீத்த ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் தென்தமிழகத்தில் இராது. 2022 மே 15-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பின், பங்கு மக்களுடன் நானும் அங்குத் திருப்பயணம் மேற்கொண்டேன். முப்பந்தலைக் கடக்கையில் சாலையின் இருமருங்கிலும் காற்றாலைகள் வானளாவச் சுழன்றுகொண்டிருந்தன.

"சாமி, இத்தனை காற்றாடியும் யாருக்குச் சொந்தம்?" என்றார் உடன்வந்த மூதாட்டி ஒருவர்.

"பெரும்பாலும் மில்லுக்காரர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும், அம்மா."

"காத்து மட்டும் ஆண்டவர் எல்லாருக்கும் குடுத்ததுதானே சாமி?"

மறுமொழி கூற இயலாது வாளாவிருந்தேன். விளக்குக்கும் விசிறிக்கும் கணக்குப் பார்த்து வாழும் ஏழைக் கைம்பெண் அவர். அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. ஏழை மக்களின் ஊராட்சியொன்று காற்றாலை வாங்கிய செய்தியை முன்னரே படித்திருந்தேன். அவ்வூரை நேரில் காணப் புறப்பட்டேன்.

கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது ஓடந்துறை. வாழைத் தோட்டங்களும் பாக்குத் தோப்புகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி தந்தன. ஆனால் நான் தேடி வந்த காற்றாலையை எங்கும் காணோம்! தேநீர்க் கடையில் வினவினேன். "அது இங்கே இல்லீங்க, ஐயா. உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில இருக்குதுங்க" என்று முறுவலித்தார் கடைக்காரர்.

அதன் காரணம் எளிது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசும் நிலப்பகுதி உடுமலையைச் சார்ந்தது. காற்று வீசும் இடத்தில் ஆலையை நாட்டினர். அங்கு விளையும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகளில் கலந்துவிடும். அதன் பயன் ஓடந்துறையின் கணக்கில் சேரும்.

இம்முயற்சி ஒரே நாளில் முளைத்ததன்று. 1996-இல் ஊராட்சித் தலைவரான திரு. இரா. சண்முகத்தின் காலத்தில் குடிநீர்த் திட்டங்களும் தெருவிளக்குகளும் பெருகின. அவற்றோடு மின்கட்டணமும் ஏறியது. கட்டணத்தைக் குறைக்க வழி தேடிய ஊராட்சி, முதலில் சில பகுதிகளில் சூரிய ஒளித் தெருவிளக்குகளை அமைத்தது. 2003-இல் மரத்துண்டுகளிலிருந்து எரிவாயு உண்டாக்கித் தண்ணீர் இறைக்கும் 9 கிலோவாட் பொறியை நிறுவியது. பின்னர் 2006-இல் 350 கிலோவாட் ஆற்றலுள்ள காற்றாலையை 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் வாங்கியது. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. எஞ்சியது வங்கிக் கடன். ஊராட்சியின் ஆண்டுத் தேவை ஏறத்தாழ 4.5 லட்சம் யூனிட். காற்றாலையின் விளைச்சலோ ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட். மிகுதி மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது; அவ்வருவாய் கடனை அடைக்க உதவியது.

இதனால் வீடுதோறும் இலவச மின்சாரம் பாய்ந்துவிட்டது என எண்ணவேண்டா. குழாயில் நீர் வரவும் தெருவில் விளக்கெரியவும் ஆகும் செலவை ஊரே தன் தோள்மேல் ஏற்றது, அவ்வளவே. ஆயினும் அது சிறிதன்று. தமக்குக் கிடைத்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பயன்படுத்தியோர் அவர்கள்.

உலகில் இன்னும் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் மின்னொளி காணாது வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாட்டினர். காற்றும் கதிரவனும் அங்கும் உண்டு. இல்லாதது கருவியை வாங்கும் முதல். தனியொருவரால் ஆகாததை ஓர் ஊர் கூடிச் செய்யலாம் என்பதே ஓடந்துறை கற்பிக்கும் பாடம்.

திருச்சபையும் இவ்வழியில் நடக்கத் தொடங்கியுள்ளது. வத்திக்கானின் ஆறாம் பவுல் மண்டபக் கூரையில் 2008-இல் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 சூனில் வத்திக்கான் நகருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கதிரவனிடமிருந்து பெறும் திட்டத்திற்கு ஆணை பிறப்பித்தார். நம் பங்குக் கோவில்களின் பரந்த கூரைகளும் பகலெல்லாம் வெயிலில் காய்கின்றன அல்லவா? திருவிழா மின்விளக்கு அலங்காரத்திற்கு நாம் செலவிடுவதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் சேமித்தால் என்ன?

ஊர் திரும்பியதும் அந்த மூதாட்டியைச் சந்தித்தேன். "அம்மா, உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது" என்று நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "மீதிப் பாதியை நாம எப்போ தொடங்கப் போறோம், சாமி?" என்றார்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் முதற்பொருள் அதுவே.