ஊதியமில்லாப் பயிற்சியும் உதவுபண விதிகளும்

மருத்துவபீடத்தை அறிந்தோர்க்கு 'உள்ளகப் பயிற்சி' என்னுஞ் சொல் புதியதன்று. பட்டம் பெற்ற வைத்தியர் இலங்கையின் அரசாங்க வைத்தியசாலையிலே அப்பயிற்சியைப் பெறுங் காலத்தில் சம்பளமும் பெறுகின்றார். ஐக்கிய அமெரிக்காவிலும் அச்சொல் மருத்துவத் துறையிலேதான் முதலில் வழங்கிற்று. பின்னர் அது சட்டத்தரணியின் அலுவலகம், பத்திரிகைக் காரியாலயம், நூதனசாலை, அரசியல்வாதியின் பணிமனை எனப் பல இடங்களுக்கும் பரவியபோது சொல் சென்ற இடமெல்லாம் சம்பளம் செல்லவில்லை. கோடை விடுமுறையில் எட்டு அல்லது பத்து வாரம் கூலியின்றி உழைத்தல், பட்டம் பெறுமுன் ஒரு மாணவன் செய்து முடிக்கவேண்டிய கடமைகளுள் ஒன்றுபோல் அந்நாட்டிலே வேரூன்றிவிட்டது.

இதற்குச் சட்டம் இடங்கொடுத்த வகை விசித்திரமானது. ஆகக்குறைந்த ஊதியத்தை வரையறுக்கும் நியாயத் தொழில் தராதரச் சட்டம் 1938ஆம் ஆண்டிலே நிறைவேறியது. 1947இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. புகையிரதக் கம்பனியொன்றிலே வண்டிகளின் தடுப்புக் கருவிகளை இயக்கும் வேலையைப் பழக வந்தோர், ஏழெட்டு நாட்கள் கூலியின்றிப் பயின்றனர். அவர்கள் அச்சட்டத்தின் கருத்துப்படி தொழிலாளர் அல்லர் என நீதிமன்றம் தீர்த்தது. அவர்களால் கம்பனிக்கு உடனடி நயம் எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதற்குக் காட்டப்பட்ட நியாயம். ஏழெட்டு நாட் பயிற்சியைப் பற்றிய அத்தீர்ப்பிலிருந்தே பத்து வாரப் பயிற்சிக்குரிய விதிகளும் பிறந்தன. 2010இல் தொழிற் திணைக்களம் ஆறு நிபந்தனைகளை வகுத்து, அவை யாவும் நிறைவேறினாலன்றி இலாப நோக்குடைய நிறுவனம் ஊதியம் வழங்காதிருத்தல் இயலாது என்றது. 'கறுப்பு அன்னம்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட திரைப்படத்தில் வேலைசெய்த பயிலுநர் தொடுத்த வழக்கில், 2015ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறோர் அளவுகோலைக் கூறிற்று: அவ்வுறவினாற் பெரும்பயன் அடைபவர் நிறுவனமா, பயிலுநரா என்பதே அது. 2018இல் திணைக்களமும் தன் ஆறு நிபந்தனைகளைக் கைவிட்டு அதனையே ஏற்றுக்கொண்டது. அரச அலுவலகங்களும் தரும நிறுவனங்களும் தொண்டர் என்னும் பெயரில் ஆட்களைச் சேர்க்க இயலுமாதலால், இந்த வழக்குகள் அவற்றைப் பெரிதுந் தொடவில்லை.

நீதிமன்றங்கள் தீர்க்காது விட்ட சுமையின் ஒரு பகுதியைக் கல்லூரிகள் ஏற்றன. பழைய மாணவரின் நன்கொடையிலிருந்தும் பல்கலைக்கழகத்தின் தனி நிதிகளிலிருந்தும் பணந் திரட்டி, ஊதியமில்லாப் பயிற்சிக்குச் செல்வோர்க்குக் கோடைகால உதவுபணம் வழங்கத் தொடங்கின. தொகை பெரும்பாலுஞ் சில ஆயிரம் டொலர். வாஷிங்டனிலோ நியூ யோர்க்கிலோ ஓர் அறைக்கு வாடகை கொடுத்தபின் அதில் மிஞ்சுவது சொற்பமே. எனினும் அது இல்லாவிடின் அந்நகரங்களை எட்டியும் பார்க்க இயலாத மாணவர் பலர் உளர்.

இத்தகைய உதவுபண அறிவித்தல்களின் முதற் பந்தி எப்பொழுதும் இனிமையாகவே இருக்கும். சமவாய்ப்பு, சமூகப் பொறுப்பு ஆகிய சொற்கள் அதில் இடம்பெறும். மாணவரின் கதி அதன் கீழே வரும் தகைமை விதிகளிலேயே தங்கியுள்ளது. விண்ணப்பதாரர் அடுத்த கல்வியாண்டிலும் கற்கத் திரும்புபவராயிருத்தல் வேண்டும். இறுதியாண்டு முடித்து வெளியேறுவோர்க்குப் பல இடங்களில் உதவி இல்லை. பயிற்சி இத்தனை வாரம், வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்னும் எல்லைக்குக் குறையலாகாது. ஒருமுறை பெற்றவர் மறுமுறை விண்ணப்பித்தல் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. பயிற்சி வழங்குபவரின் கடிதம் விண்ணப்பத்துடன் இணைக்கப்படல் வேண்டும். தனித்தனியே நோக்குமிடத்து இவற்றுள் நியாயமற்றது என ஒன்றைச் சுட்டுதல் கடினம். ஒன்றுசேர்ந்து அவை என்ன செய்கின்றன என்பதை அறிய, அவற்றினூடே ஒருவரை நடக்கவிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கற்க வந்த மாணவி ஒருத்தியை உதாரணமாகக் கொள்ளலாம். கோடையிலே உணவகத்தில் வேலைசெய்து சேர்க்கும் பணத்திற்றான் அவளுடைய புத்தகங்களும் பிரயாணமும் தங்கியுள்ளன. மார்ச் மாதத்தில் வாஷிங்டனிலுள்ள தரும நிறுவனமொன்று அவளுக்குப் பயிற்சி இடம் தருகிறது. ஒரு வாரத்துள் விடை கேட்கிறது. உதவுபணத்தின் முடிவோ ஏப்பிரில் இறுதியில்தான் வெளிவரும். இடத்தை ஏற்றுக்கொண்ட கடிதமின்றி உதவுபணத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. உதவுபணம் உறுதியாகாமல் இடத்தை ஏற்க அவளுக்குத் துணிவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் விதி இதுவேதான். அவன் அன்றைக்கே சம்மதம் எழுதிவிடுகிறான். உதவுபணம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிடின் தகப்பனார் இருக்கிறார். இதனால் விண்ணப்பக் கட்டு குழுவின் மேசைக்கு வருமுன்னரே, யாருக்காக அந்நிதி உருவாக்கப்பட்டதோ அவர்களிற் சிலர் ஓசையின்றி விலகிவிடுகின்றனர். குழு அவர்களைக் காண்பதேயில்லை. விண்ணப்பித்தோருள் நீதியாகத் தெரிவுசெய்தோம் என்று அது மனமாரக் கூறவும் இயலும்.

அவள் துணிந்து ஏற்றுக்கொண்டாள் என வைத்துக்கொள்வோர்க்கு அடுத்த தடை புலப்படும். வறுமையை எவ்வாறு அளப்பது? சில நிதிகள் அதனை அளப்பதேயில்லை. பயிற்சியின் தரத்தையும் விண்ணப்பக் கட்டுரையின் திறத்தையும் மட்டுமே நோக்குகின்றன. அளப்பவை பெரும்பாலும் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தைத் துணைக்கொள்ளும். 2017-18 கல்வியாண்டு முதல் அவ்விண்ணப்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய குடும்ப வருமானத்தையே கேட்கிறது. வருமானவரிக் கணக்கு முடிந்த ஆண்டு என்பதால் நிர்வாகத்துக்கு அது இலகு. ஆனால் சென்ற மாரியில் தந்தை வேலையிழந்த வீடு, கடதாசியிலே இன்னும் சம்பளம் வரும் வீடாகவே நிற்கும். நிலைமையை விளக்கி மறுபரிசீலனை கோரலாம். அதற்கு அத்தாட்சிகள் வேண்டும். அவற்றைத் திரட்டக் காலமும் வேண்டும். அவ்வழி உண்டென அறிந்திருக்கவும் வேண்டும். படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவ்வறிவு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

இவற்றினும் நுட்பமானது கோடை உழைப்பைப் பற்றிய எதிர்பார்ப்பு. பல தனியார் கல்லூரிகள் வறிய மாணவர்க்கு உதவித்தொகையைக் கணிக்கும்போது, அவர் கோடையில் உழைத்து ஒரு தொகையைக் கொண்டுவருவார் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கின்றன. உதவுபணம் வாடகைக்கும் உணவுக்கும் போய்விட, செப்ரெம்பரில் அம்மாணவி கல்லூரிக்குத் திரும்புகையில் அத்தொகை வெற்றிடமாய் நிற்கிறது. கடன் அதனை நிரப்புகிறது. உதவுபணம் பெறுவோர்க்கு இவ்வெதிர்பார்ப்பைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகளும் உண்டு. இவ்விடயத்தில் அவையே சிந்தித்துச் செயற்பட்டவை எனல் தகும். ஒரு கையாற் கொடுத்து மறுகையால் வாங்குவதை அவை கண்டுகொண்டன.

வேறு சில விதிகளை விரைந்து கடக்கலாம். சில நிறுவனங்கள் பயிற்சிக்குப் பாடப் புள்ளி பெறுமாறு மாணவரைக் கேட்கின்றன. கோடையில் அப்புள்ளியைப் பதிவுசெய்யக் கட்டணம் உண்டு. வேலை செய்வதற்குப் பணம் செலுத்தும் விந்தை அப்படித்தான் நிகழ்கிறது. மாணவர் விசாவிலிருக்கும் வெளிநாட்டவர், பயிற்சி தம் பாடத்திட்டத்தின் உறுப்பாயின் கல்லூரியின் அனுமதியுடன் அதில் ஈடுபடலாம். ஆயினும் அவர் பெறும் உதவுபணத்திலிருந்து, வரி உடன்படிக்கை காக்காவிடின், பொதுவாக 14 சதவீதம் பிடிக்கப்படும். இலங்கையிலிருந்து மேற்படிப்புக்குச் செல்ல எண்ணுவோர் இதை அறிந்திருத்தல் நன்று.

இலாப நோக்குடைய நிறுவனத்துக்குச் செல்வோர்க்குச் சில நிதிகள் உதவ மறுப்பது கருத்து மோதலுக்கு இடமானது. வணிகர் கொடுக்கவேண்டிய கூலியைக் கல்லூரி கொடுப்பது தகாது என்னும் வாதம் வலுவானது. அவ்வாதத்தைத் தொடர்ந்து சென்றால், அரச அலுவலகத்துக்கும் அது பொருந்தாதோ என்னும் வினா எழுகிறது. அமெரிக்கக் கொங்கிரஸ் 2018இலேதான் உறுப்பினர் அலுவலகப் பயிலுநரின் ஊதியத்துக்கெனச் செனற் சபைக்கு 50 இலட்சமும் பிரதிநிதிகள் சபைக்கு 88 இலட்சமும் டொலர் ஒதுக்கியது. வெள்ளை மாளிகை தன் பயிலுநர்க்கு முதன்முறையாக ஊதியம் கொடுத்தது 2022ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில். அதுவரையில் நாட்டின் சட்டங்கள் எழுதப்படும் அறைகளிலே இளமையிற் காலடி வைத்தோர், பெரும்பாலும் கூலியின்றி வாழக்கூடியவரும் உதவுபண விதிகளைத் தாண்டி வந்த சிலருமேயாவர். கடதாசி அடுக்கவும் தொலைபேசிக்கு விடையளிக்கவும் வந்த அவர்களிற் பலரே பின்னர் அவ்வலுவலகங்களில் உத்தியோகத்தராயினர். ஆகவே ஒரு விண்ணப்பப் பத்திரத்தின் நான்காம் ஐந்தாம் நிபந்தனைகள், யாருடைய துன்பம் சட்டமன்றத்தில் விளங்கிக்கொள்ளப்படும் என்பதையும் ஓரளவு தீர்மானித்து வந்துள்ளன.

உதவுபணம் பெற்றோர் கோடை முடிவில் ஓர் அறிக்கையும் நன்கொடையாளர்க்கு ஒரு நன்றிக் கடிதமும் எழுதுதல் பல கல்லூரிகளில் வழக்கம். பயிற்சியிற் கற்றவை, சந்தித்த மனிதர், எதிர்கால நோக்கம் ஆகியவை அவற்றில் இடம்பெறும். பத்து வாரம் என்ன உண்டாள், எங்கே தங்கினாள், இரவிலே வேறு வேலைக்குப் போனாளா என்பவற்றுக்கு அப்படிவத்தில் இடம் இல்லை.